சுவருக்கு எதிராக ஒரு சீட்டு

பாலிகஞ்சிலிருந்து என் தோழி தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லூரி முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பூஜை சமயத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்வதோடு சரி. நாங்கள் எப்போதும் பெங்காலியில்தான் பேசிக்கொள்வோம். நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தச் சீட்டெல்லாம் வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்கு. ஏன்?"

"சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல ஆடுறோம். பத்துப் பேர் வராங்க. வா. ஆனா உன் சுவர் இப்போ நிக்காது, சொல்லிட்டேன்."

ஏன் இப்போது, ஏன் என்னை என்று யோசித்தேன். நான் அப்படித்தான். ஒருவர் திடீரென்று அன்பாகப் பேசினால் பின்னால் என்ன வருகிறது என்று காத்திருப்பேன். அப்பாவின் சுபாவம் எனக்கு வந்துவிட்டது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. வீட்டுக்கு வரும் அரிசி மூட்டையின் தையலைக்கூட விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் கல்லூரியில் இருந்தபோது, தோழியின் மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் அந்தச் சீட்டுகளை வாங்கி வருவார். ரம்மிச் சீட்டு மாதிரி இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம் இருக்கும். பறக்கும் பாம்பு, குதிரைவீரன், சூனியக்காரி. அதன் கீழே அது என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் பொறுக்கிச் சேர்த்து ஒரு கட்டு வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இருபது உயிர். உன் பிராணிகளை அனுப்பி என்னை அடித்து இருபதையும் கரைத்தால் நீ ஜெயித்தாய்.

தோற்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் உன் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தாக வேண்டும். எடுக்கச் சீட்டு இல்லையென்றால் தோல்வி.

நான் அந்த வழியில்தான் ஆடினேன். என் கட்டில் பாதி சுவர்கள். கல் சுவர், முள் சுவர், பனிச் சுவர். அவை யாரையும் அடிக்காது, வருகிற அடியைத் தடுக்கும், அவ்வளவுதான். அதோடு மேசையில் நிற்கும் பிராணிகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்தெறியும் சீட்டுகள் சில. எதிராளி கும்பலாக இறக்கும்வரை பொறுத்திருந்து துடைப்பேன். பிறகு மறுபடி உட்கார்ந்திருப்பேன். என் கட்டு மற்றவர்களுடையதைவிடத் தடிமனாக இருக்கும். அதனால் அவர்கள் கட்டுதான் முதலில் தீரும். அந்த நாளில் என்னோடு ஆட யாருக்கும் பிடிக்காது. "இவளோட ஆடுறதும் ஆபீஸ்ல கையெழுத்துக்குக் காத்திருக்கிறதும் ஒண்ணு" என்பாள் தோழி.

சனிக்கிழமை போனேன். அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பு தையல்கடைக்கு விட்டிருந்த அறை. சுவரில் அளவு நாடா மாட்டியிருந்த ஆணிகள் இன்னும் இருந்தன. பெரும்பாலும் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மாள். எல்லோரும் இணையத்தில் பழகி ஒன்று சேர்ந்தவர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். நான் ரப்பர் பேண்ட் போட்ட என் கட்டை எடுத்து வைத்தபோது ஒரு இளைஞன், அக்கா முறை வைத்து, மரியாதையாகவே சொன்னான்.

"தீதி, இது பழைய ஆட்டம். இப்போ வர்ற பிராணியெல்லாம் ரொம்ப வேகம். சுவரைத் தொடாம நேரா உங்களைச் சுடுற சீட்டெல்லாம் வந்திருச்சு. உட்கார்ந்து தடுக்கிற வேலை நடக்காது."

"பாக்கலாம்" என்றேன்.

நடந்தது. அன்றும் ஜெயித்தேன், அடுத்த வாரமும் ஜெயித்தேன். வேகமான கட்டுக்காரர்கள் கையில் இருப்பதையெல்லாம் முதலிலேயே கொட்டிவிடுவார்கள். நான் துடைப்பேன். அதன்பின் அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது. முறைக்கு ஒரு சீட்டு எடுத்து, அதை வைத்துக்கொண்டு என் சுவரைப் பார்ப்பார்கள். எனக்கு அறிவுரை சொன்ன அந்த இளைஞன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான், மின்விசிறியைப் பார்த்தான், கடைசியில் எடுக்கச் சீட்டு இல்லாமல் மேசைக்கு அடியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று குனிந்து தேடினான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உறுத்தலாக இருந்தது. புதுக் கட்டுகள் அவ்வளவு பலமென்றால் நான் எப்படி ஜெயிக்கிறேன்?

"அவங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சிருக்கியா? பழைய தோழி, பாத்து ஆடுங்கன்னு?" என்று தோழியைக் கேட்டேன்.

"அட போ, உனக்காக யார் தோப்பா? எல்லாருக்கும் உன் மேல கடுப்பு" என்றாள். அந்தப் பதில் ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஹவுராவிலிருந்து ஒருவர் வந்தார். அவர் குடும்பத்துக்கு அங்கே ஒரு சின்ன வார்ப்புப் பட்டறை. படகில் ஆற்றைத் தாண்டி, பஸ் பிடித்து வருவார். என் வயதுதான் இருக்கும். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுகள் வைத்திருந்தார். அன்று என்னிடம் தோற்றார். எழுந்து கைகுலுக்கி, "நல்லா ஆடுறீங்க" என்றார். தோற்றவர்கள் வழக்கமாக அப்படிச் சொல்வதில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஆட்டம் வழக்கம்போலத்தான் போனது. அவர் இறக்கினார், நான் துடைத்தேன். அவர் கட்டு மெலிந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு மூன்று சீட்டுதான் என்றிருக்கும்போது ஒரு சீட்டை மெதுவாகக் கீழே வைத்தார். உதிர்ந்த இலைகளைக் கூடையில் அள்ளும் ஒரு பெண்ணின் படம். அதன் வேலை, விளையாடி முடித்த சீட்டுகளையெல்லாம் திரும்ப எடுத்துக் கலக்கிக் கட்டில் சேர்த்துக்கொள்வது. அவருக்கு முழுக் கட்டு மறுபடி வந்துவிட்டது. என் கட்டுதான் தீர்ந்தது. என்னுடைய வழியிலேயே என்னைத் தோற்கடித்தார்.

அதற்கு அடுத்த வாரமும் அந்தப் பெண் வந்தாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அந்தச் சீட்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லாதது. ஆட்டமெல்லாம் கட்டில் பாதி தீர்வதற்குள் முடிந்துவிடுகிற காலம். இலை அள்ளுகிறவளைக் கட்டில் வைத்திருப்பது, மழை பெய்யாத ஊரில் தினமும் குடையைத் தூக்கிக்கொண்டு திரிவது போல. என்னோடு ஆடும்போது மட்டும்தான் அவளுக்கு வேலை உண்டு. அப்படியானால் அவர் எனக்காகவே அவளை வைத்திருக்கிறார். யாருடன் யார் ஆடுவது என்று வந்த பிறகுதான் குலுக்கிப் போடுவோம். அது தெரிந்த பிறகு நடுவில் செருகுகிறாரா? அது கள்ளத்தனம். கட்டை ஆரம்பத்தில் வைத்தது வைத்ததுதான்.

அதிலிருந்து நான் ஆடியதைவிட அவரைக் கவனித்ததுதான் அதிகம். குலுக்கல் முடிந்ததும் அவர் டப்பாவோடு வராந்தாவுக்குப் போவார். சிகரெட் பிடிக்க என்று நினைத்தேன். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சிகரெட் இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"உங்க கட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றேன்.

"அப்புறம் காட்டுறேனே" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்றிருந்த என் தோழியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது சந்தேகம் அவரிடமிருந்து அவள் மேல் தாவியது. என் கட்டில் என்னென்ன இருக்கிறது என்று கல்லூரி நாளிலிருந்தே முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சீட்டாட்டம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. ஆனால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பேச்சு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் திருநெல்வேலிதான்.

"அவன் வராந்தாவுக்கு எதுக்குப் போகுதான்?"

"தெரியலப்பா."

"வேற ஆளு கூட ஆடும்போது அந்தச் சீட்டு வருதா?"

"அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருதுப்பா. தெரிய மாட்டேங்குது."

"அப்பம் ஒருத்தி உள்ளயிருந்து சொல்லுதா. இல்லன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் ஏற்கெனவே நினைத்துவிட்டதையே அவர் வாயால் கேட்டபோது அது நிரூபணம் ஆகிவிட்டதுபோல் இருந்தது.

வாரத்தின் நடுவில் தோழிக்குப் போன் செய்தேன்.

"சுவரைக் கலைச்சிட்டேன். நீங்க சொன்னது சரிதான், அது ஓடாது. வேகமா அடிக்கிற கட்டு ஒண்ணு சேத்திருக்கேன். சனிக்கிழமை பாரு."

"அப்படியா" என்றாள். குரலில் ஏமாற்றம் போல ஏதோ இருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

இதை அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். ஹவுராக்காரரிடம் அன்று இலைக்காரி இல்லையென்றால், சொல்லிக் கொடுத்தவள் யார் என்பது தெரிந்துவிடும்.

சனிக்கிழமை பழைய கட்டையே எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அந்த இளைஞனோடு ஆடி ஜெயித்தேன். முதல் சுவரைக் கீழே வைத்தபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன், ஆனால் அதன்மேல் மனதைச் செலுத்தவில்லை. பிறகு பாடம் நடத்தும் அம்மாள். அவரையும் ஜெயித்தேன். மூன்றாவதாக ஹவுராக்காரர். அவர் கட்டு மெலிய மெலிய மிச்சச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிச் சீட்டை எடுத்தார். இலைக்காரி வரவில்லை. கையை விரித்து, சிரித்தபடி கேட்டார்.

"சுவரைக் கலைச்சிட்டதா சொன்னாங்களே?"

"யார் சொன்னது?"

சிரிப்பு நின்றது. அவர் என் தோழியைப் பார்த்தார். மற்ற மேசைகளிலும் ஆட்டம் நின்றுவிட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

"உங்கிட்ட மட்டும் சொன்னதை ஏன் இவர்கிட்ட சொன்னே?"

"இவர்கிட்ட மட்டும் இல்லை. எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லாதேன்னு சொன்னியா?"

சொல்லவில்லைதான். அப்படிச் சொன்னால் சந்தேகப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை.

"இத்தனை நாளா எங்கிட்ட என்ன இருக்குன்னு இவருக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தச் சீட்டை வைக்கச் சொன்னதும் நீதானே?"

அவள் எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து, கட்டுக்கு வெளியே தனியாக வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். இலை அள்ளும் பெண். அந்த இளைஞன் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். பாடம் நடத்தும் அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள். மேசை முழுக்க அதே பெண், அதே கூடை.

ஹவுராக்காரர்தான் பேசினார். "உங்ககிட்ட தோத்த அன்னைக்கு டீ குடிக்கிற இடத்துல இதைப் பத்திப் பேசினோம். இதுக்கு என்ன வழின்னு. இந்தச் சீட்டு எங்கிட்ட நிறையக் கிடந்தது, யாரும் சீண்டாதது. ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். நீங்களே எப்போ கண்டுபிடிக்கிறீங்கன்னு பாக்கலாம்னு இருந்தோம். இவங்களுக்குள்ள ஆடும்போது அது வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் குலுக்கல்ல உங்களுக்கு எதிரா வந்தது நான் மட்டும்தான். சுவர் இல்லைன்னதும் இன்னைக்கு எல்லாரும் அதை வெளியே எடுத்துட்டோம்."

"வராந்தாவுக்கு ஏன் போனீங்க?"

"உள்ளே புழுக்கம்" என்றார்.

தோழி சொன்னாள்: "ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் ஸ்டேஷன் பக்கம் போய் டீ குடிக்கிறோம். நீ ஒரு நாளாவது வந்தியா? கிடர்பூர் பஸ், கூட்டம், இருட்டிரும்னு ஓடிடுவே. வந்திருந்தா உன் முன்னாடியேதான் பேசியிருப்போம்."

அப்படிப் பேசியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, இவர்கள் பாஷையை இவர்களைப் போலவே பேசினாலும், நான் கிளம்பிய பிறகு என்ன பேசுகிறார்கள் என்ற எண்ணம் பள்ளி நாளிலிருந்து எனக்கு உண்டு. அன்று முதல் முறையாக, உண்மையிலேயே பேசினார்கள் என்று தெரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கிடர்பூர் போகும் வழி முழுக்க அந்த மேசையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கோபம் குறையக் குறைய வேறொன்று புரிந்தது. ஒன்பது பத்துப் பேர், தங்களுக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு சீட்டை, என்னிடம் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக வாரக்கணக்கில் சுமந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அடிக்கிற சீட்டு ஒன்று இருந்திருந்தால் அவர்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் எத்தனையோ மாறியிருக்கும். சுவர் நிற்காது என்று சொல்லிக்கொண்டே அதற்குப் பயந்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தச் சீட்டு அவன்கிட்ட மட்டும் எப்படி அவ்வளவு கெடந்துது?" என்றார்.

"விடுங்கப்பா."

"கேட்டுப் பாரு. சும்மா ஒருத்தன் கொடுப்பானா?"

ஒரு வாரம் போகவில்லை. தோழி போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். உள்ளே நுழைந்ததும், "இன்னைக்குச் சுவர்தான். எல்லாரும் வேணுங்கிறதை வச்சுக்குங்க" என்று சத்தமாகச் சொன்னேன். இளைஞன் கைதட்டினான். தோழி எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதன்பின் ஒளிவுமறைவில்லாமல் ஆடினோம். பழைய கட்டு இன்னும் செல்லுமா என்ற கேள்விக்கு அந்த மழைக்காலத்தில்தான் எனக்குச் சரியான பதில் கிடைத்தது. வெறும் சுவராக வைத்து ஆடினால் செல்லாது. இலைக்காரி ஒருத்தி போதும், சுவர் வீணாகிவிடும். நேராகச் சுடும் சீட்டுகளும் இளைஞன் சொன்னதுபோலவே என்னைக் கரைத்தன. ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றேன். பிறகு சில சுவர்களை எடுத்துவிட்டு, சுவருக்குப் பின்னாலிருந்து அடிக்கும் பிராணிகள் இரண்டு மூன்றைச் சேர்த்தேன். எதிராளி ஆடி முடித்த சீட்டுகளை ஆட்டத்தைவிட்டே அப்புறப்படுத்தும் ஒரு சீட்டைத் தேடிப் பிடித்தேன். அள்ளுவதற்கு இலையே இல்லாவிட்டால் கூடைக்காரி என்ன செய்வாள்? அதற்குப் பிறகு சமமாக நின்றேன். நான் எப்போது அடிப்பேன், எப்போது உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாமல் எதிரில் இருப்பவர் தடுமாறினால், அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. சுவரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்த காலம் முடிந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது.

டீ குடிக்கவும் போனேன். மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் சத்தத்துக்கு நடுவே, என் கட்டை எப்படி உடைப்பது என்று என் முன்னாலேயே பேசினார்கள். பொய்யாகத் திட்டம் போடுகிறார்களோ, நான் போன பிறகு உண்மையான திட்டம் வருமோ என்று இரண்டு மூன்று வாரம் எல்லோரும் கலையும்வரை நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பூஜைக்கு முந்தின சனிக்கிழமை ஹவுராக்காரர் ஒரு யோசனை சொன்னார். "கட்டை மாத்திக்கலாமா? நீங்க என்னோடதை வச்சு அடிங்க. நான் உங்க சுவரை வச்சுப் பாக்கிறேன்."

என் கட்டை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை. யோசித்துவிட்டுக் கொடுத்தேன்.

அடிக்கிற பக்கம் உட்கார்ந்ததும்தான் என் எதிரில் இத்தனை நாள் உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு தெரிந்தது. இறக்கினேன், துடைத்தார். மறுபடி இறக்கினேன், மறுபடி துடைத்தார். அவசரப்படாமல், நான் ஆடுவதைவிட அழகாக ஆடினார். எனக்கு எரிச்சல் வந்து கையில் இருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துடைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் தன் கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், ஒரு சின்னச் சுவரை வைத்தார். நான் அடித்து முடித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"கையில என்ன இருந்தது?" என்றேன். அதற்குள் அவர் சீட்டுகளைக் கட்டோடு சேர்த்துக் கலக்கிவிட்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

"துடைக்கிற சீட்டு இல்லையா?"

"இருந்தா வச்சிருக்க மாட்டேனா?"

மறு வருஷம் தோழிக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தை யாரோ வாடகைக்கு எடுத்தார்கள், சனிக்கிழமைகள் நின்றுபோயின. ஹவுராக்காரர் மட்டும் போய்லா பைசாகுக்கு, அதாவது பெங்காலி வருஷப் பிறப்புக்கு, வருஷா வருஷம் போன் செய்வார். பட்டறை, மழை, உடம்பு என்று பேசுவோம். ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"கட்டை மாத்திக்கிட்ட அன்னைக்கு உங்க கையில துடைக்கிற சீட்டு இருந்துச்சா இல்லையா?"

"அதையா இன்னும் நினைச்சிட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். அவர் பக்கத்தில் பட்டறை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.